செல்வராணியும் டத்தோ சபாபதியும் ஒட்டிக்கொண்ட விவரம்

வேட்புமனு தாக்கலான சனிக்கிழமை காலை பதினொன்றே காலிலிருந்து, ஜொகூர் மாநிலத்து சுங்கை பெலுக்கார் சட்டமன்றத் தொகுதியின் வேட்பாளர் செல்வராணியை விட்டு அவருடைய கட்சித் தலைவர் டத்தோ சபாபதியால் நாற்பது அடிக்கு மேல் விலகிப் போக முடியவில்லை. முதலில் இது யாருக்கும் தெரியவில்லை. மனுவைக் கொடுத்துவிட்டு மண்டபத்து வாசலில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு டத்தோ, பொழுது சாய்வதற்குள் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிக் காரில் ஏறி உட்கார்ந்தார். ஓட்டுநர் வண்டியை எடுத்தார். கார் போய்விட்டது. டத்தோ மட்டும் நாற்பதாவது அடியில், பட்டுச் சட்டை கசங்காமல், சீட்டில் உட்கார்ந்த வாக்கிலேயே தார்ச்சாலையில் இருந்தார். ஓட்டுநர் லாபிஸ் வரை போன பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார். அந்த வாரம் இந்த வட்டாரத்தில் இதைவிட அதிகம் பேசப்பட்டது கோழி விலை ஒன்றுதான்.

சிகாமட்டில் ஒரு டாக்டர் இருவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். டத்தோவுக்குக் கூடுதல், செல்வராணிக்குக் குறைவு, வேறொன்றும் இல்லை என்றார். கோயில் குருக்கள் எலுமிச்சம்பழம் சுற்றி நறுக்கிப் போட்டார், பழம்தான் வீண். தேர்தல் அதிகாரி சட்டப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார். வேட்பாளர் பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை, ஆகவே மனு செல்லும் என்றார். உருப்படியாக ஒரு காரியம் செய்தவர் தங்கராஜு. அவர் கட்சியின் கிளைத் தலைவர், வீடுகளுக்குக் கிரில் அடித்துக் கொடுக்கிறவர், இடுப்பில் எப்போதும் அளவு நாடா தொங்கும். செல்வராணியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு டத்தோவை நான்கு பக்கமும் நடக்கவிட்டு அளந்து பார்த்தார். எந்தப் பக்கம் போனாலும் நாற்பது அடியில் டத்தோவின் கால் எழும்பவில்லை. கயிறு இல்லை, வலி இல்லை. செல்வராணி நகர்ந்தால் அவரும் நகர்ந்தாக வேண்டும். அவர் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டால் செல்வராணியும் நின்றாக வேண்டும்.

செல்வராணியை ஊரில் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ்ப்பள்ளியை ஒட்டிய பாலர் பள்ளியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். இன்று ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காலத்தில் மூக்குத் துடைத்துவிட்டவர். அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் தேர்தலில் நிற்க ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். அந்தத் தமிழ்ப்பள்ளி ஆற்றை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கிறது. வருடக் கடைசி மழைக்கு வகுப்பறைக்குள் இடுப்பளவு தண்ணீர் வரும். சேறு வழித்து, புத்தகம் காயவைத்து, பள்ளி மறுபடி நடக்கத் தொடங்க மாதக்கணக்காகும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் எட்டொன்பது பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். இப்போது மிச்சம் அறுபத்தொரு பேர். இன்னும் மூன்று வெள்ளம் தாங்காது, பள்ளியை மூடிவிடுவார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம் பழைய ரப்பர் காட்டில் கொஞ்சம் அரசாங்க நிலம் உயரமாக இருக்கிறது. சட்டமன்றத்தில் ஒருவர் எழுந்து விடாமல் கேட்டால் அது கிடைக்கும் என்று நம்பினார். அந்த ஒருவராகத் தானே இருந்துவிடலாம் என்றுதான் நின்றார்.

டத்தோ சபாபதியைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். டத்தோ என்பது சுல்தான் கொடுத்த பட்டம். இருபது வருடத்துக்கு மேலாக அவர்தான் ஜொகூரில் கட்சிக்குத் தலைவர். முன்பு இங்கிருந்த ரப்பர் தோட்டத்தை விற்றுத் துண்டு போட்டபோது, தோட்டத்து முதலாளிகள் பள்ளிக்கு என்று மேட்டில் மூன்று ஏக்கர் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அதைக் கட்சியின் அறக்கட்டளை பெயரில் எழுதி வாங்கினார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால், டத்தோவின் தலைமையில், மாற்று நிலம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி அந்த மேட்டைக் கைமாற்றிவிட்டார்கள். மாற்று நிலம் வரவே இல்லை. மேட்டில் இப்போது கோழித்தீவனக் கிடங்கு நிற்கிறது. எந்த வெள்ளத்திலும் தீவனம் நனைந்ததில்லை. பிள்ளைகளின் புத்தகம் வருடா வருடம் நனைகிறது. இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இதில் நடுநிலையாக எழுத ஒன்றும் இல்லை.

ஒட்டிக்கொண்டதற்கு மாலைதான் காரணம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வேட்புமனு அன்று ஆளுயர ரோஜா மாலை இரண்டு சொல்லியிருந்தார்கள். பூக்கடைக்காரர் ஒன்றைத் தவறுதலாகக் கல்யாண வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிச்சம் இருந்த ஒன்றைத் தலைவருக்குப் போட்டால் வேட்பாளருக்கு மரியாதை இல்லை, வேட்பாளருக்குப் போட்டால் தலைவர் முகம் சுளிப்பார். நம் ஆட்களில் மாலை வரிசை தவறியதால் பேச்சு வார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் எத்தனையோ. அதனால் தங்கராஜு யோசித்து, இரண்டு பேரையும் நெருக்கி நிற்கவைத்து ஒரே மாலையை இரண்டு கழுத்துக்கும் சேர்த்துப் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். எதிர்த்தரப்பு வேட்பாளர் அட்ரியனுக்குப் பிரச்சாரம் பார்க்கிற ஷர்மைன், சாலைக்கு அந்தப் பக்கம் நின்று அதைப் படம் எடுத்துக்கொண்டார். சிங்கப்பூரில் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் மூன்று மொழியில் பதாகையாகி ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் தொங்கியது. டீச்சருக்குப் போடும் ஓட்டு டத்தோவுக்குப் போடும் ஓட்டு என்று கீழே எழுதியிருந்தது.

இது புது வித்தை இல்லை. நல்ல பேர் உள்ள ஒருவரைத் தோற்கடிக்க வேண்டுமானால், அவர் கட்சியிலேயே கெட்ட பேர் எடுத்தவரைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திப் படம் போட வேண்டும். எல்லாக் கட்சியும் செய்வதுதான். ஆனால் பதாகையில் நிற்கிற ஆள் நேரிலும் பின்னாலேயே வந்து நிற்பது இந்தத் தொகுதியில் அதுவே முதல் முறை. மூன்றாவது நாள், இனி இது எதற்கு என்று ஷர்மைன் பாதிப் பதாகைகளைக் கழற்றிவிட்டார். அட்ரியன் சிகாமட்டில் மருந்துக் கடை வைத்திருக்கும் சாது மனிதர். காப்பிக் கடையில் டீச்சரைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“சாரி டீச்சர். பெர்சனலா ஒன்னும் இல்ல.”

“தெரியும்பா. போன தடவ உங்க ஆளுக்கு நாங்க இதத்தானே செஞ்சோம். நீ காப்பியக் குடி, ஆறிடப் போகுது.”

டத்தோ டீச்சர் வீட்டு முன்னறையில் தங்கினார். டீச்சரின் கணவர் ஹேமநாதன் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வாரம் ஒரு முறை வருகிறவர். அந்த வாரம் வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டு, “டத்தோ சாப்பிட்டாரா?” என்று மட்டும் கேட்டார். டத்தோவின் மனைவி உடுப்பும் மாத்திரையும் ஒரு பையில் போட்டு லாரியில் அனுப்பிவைத்தார். கடிதம் எதுவும் இல்லை.

பிரச்சாரம் எப்படி நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டீச்சர் வீட்டு வாசலில் நின்று கும்பிடும்போது நாற்பது அடி தள்ளி டத்தோ வேலியோரம் நிற்பார். தொப்பியும் முகக்கவசமும் போட்டுப் பார்த்தார்கள், தொப்பை காட்டிக்கொடுத்தது. வேனுக்குள் உட்காரவைத்தார்கள், காப்பிக் கடைச் சமையல்கட்டில் நிறுத்தினார்கள், ஒரு செராமாப் பொதுக்கூட்டத்தில் மேடைக்கு அடியிலேயே உட்காரவைத்தார்கள், அவர் தும்மினார். கம்பம் எனும் கிராமத்து மலாய்க்காரர்கள் பாவம் பார்த்து அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், ஓட்டைப் பற்றிப் பிடிகொடுக்கவில்லை. தமிழர்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில்தான் மோசம். அங்கே ஒருவர் கேட்டைத் திறக்காமலே கேட்டார்.

“நீங்கன்னா கண்ண மூடிக்கிட்டுப் போடுவேன் டீச்சர். பின்னால நிக்கிறாரே, அவருக்கு எப்படிலா போடுறது?”

“ஐயோ, அவருக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்? கட்சி அனுப்புச்சு, வந்து நிக்கிறாரு.”

டீச்சர் இதைச் சொல்லி வாய் மூடுவதற்குள், வேலியோரம் நின்ற டத்தோ செருப்பு தேய ஓர் அடி முன்னால் வந்துவிட்டார். அவரே எதிர்பார்க்கவில்லை, தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தங்கராஜு அளந்தார். முப்பத்தொன்பது. அடுத்த வீட்டிலும் டீச்சர் அதையே சொன்னார். முப்பத்தெட்டு. அன்று சாயங்காலமே எல்லாருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கேட்கிறவர்களுக்கு வேறு என்ன பதில் சொல்வது? வீட்டுக்கு வீடு அதே கேள்விதான் வந்தது. ஒன்பதாவது நாள் அளந்தபோது பதினாறு அடி இருந்தது.

அன்று மத்தியானம் பெருமழை. பள்ளிக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு இருவரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் முன்னால், டத்தோ பின்னால். பள்ளித் திடலில் அதற்குள் தண்ணீர் தேங்கிவிட்டது. டத்தோ அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சம்பந்தம் இல்ல, சம்பந்தம் இல்லன்னு சொல்றீங்களேம்மா. அந்த மேட்டு நிலத் தீர்மானத்த வழிமொழிஞ்சது யாருன்னு ஞாபகம் இருக்கா?”

“யாரு?”

“நீங்கதாம்மா.”

டீச்சர் திரும்பிப் பார்த்தார். டத்தோ முகத்தில் மிரட்டல் எதுவும் இல்லை. “நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. இத்தன நாள் பக்கத்துலயே நிக்கிறேன்ல, வாயில வந்துடுச்சு” என்றார்.

நம் சங்கங்களில், கட்சிகளில், கோயில் நிர்வாகத்தில் கூட்டம் எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். செயலாளர் தீர்மானத்தை மூச்சுவிடாமல் வாசிப்பார். ஒருவர் எழுந்து முன்மொழிகிறேன் என்பார். இன்னொருவர் வழிமொழிய வேண்டும். யாரும் எழவில்லை என்றால் மேடையில் இருக்கிறவர்களுக்குச் சங்கடம். அந்தச் சங்கடத்தைத் தீர்க்க ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு நல்ல மனுஷி இருப்பார். இருபது வருடமாக அது டீச்சர். டீச்சர் கேட்டதும் தங்கராஜு கூட்டக் குறிப்பேட்டைத் தேடிக் கொண்டுவந்தார். ஒன்பது வருடத்துக்கு முந்திய கூட்டம், முப்பத்தொரு தீர்மானம், சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, பிரியாணி வாசம் மண்டபத்துக்குள் வந்துவிட்டது. டீச்சருக்குப் பிரியாணி ஞாபகம் இருந்தது. தீர்மானம் ஞாபகம் இல்லை. பதினெட்டாவது தீர்மானத்துக்குக் கீழே அவருடைய பெயரும் அழகான கையெழுத்தும் இருந்தன.

அதற்குப் பிறகாவது டீச்சர் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். பத்தாவது, பதினொன்றாவது நாட்களிலும் கேட்டவர்களுக்கு அதே பதிலைத்தான் சொன்னார். இப்போது தெரிந்தே சொன்னார். ஒவ்வொரு தடவையும் டத்தோ இரண்டிரண்டு அடி நெருங்கி வந்தார். கடைசியில் ஆறடிதான் மிச்சம். டீச்சர் திரும்பினால் அவர் மூச்சு முதுகில் படுகிற மாதிரி இருந்தது.

கடைசி செராமா காப்பிக் கடை வரிசைக்கு முன்னால் நடந்தது. வழக்கத்துக்கு மேல் கூட்டம். டீச்சரைக் கேட்க வந்தவர்களைவிட ஆறடியில் நிற்கும் டத்தோவைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். முன்வரிசையில் கருப்பாயி உட்கார்ந்திருந்தார். செனாயில் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவி, சொந்த மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார். மேடைக்குப் பின்னால் தங்கராஜு டீச்சரைப் பிடித்துக்கொண்டார்.

“நான் சொல்றதக் கேளுங்க டீச்சர். நேரா அவரக் காட்டி, ‘இந்த ஆளுதான் வித்தாரு, நான் எதுத்துக் கேட்டேன்’னு சொல்லிடுங்க. அவ்வளவுதான். ஜெயிச்சிடலாம். பள்ளிக்கூடம் மேட்டுக்குப் போயிடும்.”

“குறிப்பேட்டுல என் பேரு இருக்கே.”

“அத யாரு பாக்கப் போறா? கப்போர்டுல பூட்டியாச்சு.”

தங்கராஜு சொன்னதில் தப்பு இல்லை. சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பார். தொகுதியில் எல்லாரும் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான். சொன்னால் மிச்சம் இருக்கிற ஆறடி என்ன ஆகும் என்ற பயம் டீச்சருக்கு இருந்தது. ஆனால் பயத்தால் மட்டும் அவர் அதைச் சொல்லாமல் விட்டார் என்று சொல்வது நியாயமாக இருக்காது. அவருக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது. மைக்கைப் பிடித்து, வழக்கமாகச் சொல்லும் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, கருப்பாயியைப் பார்த்துப் பேசினார்.

“மேட்டு நிலத்தக் கொடுக்குற தீர்மானத்த நான்தான் வழிமொழிஞ்சேன். என்ன எழுதியிருக்குன்னு படிக்கல. அன்னைக்குப் பசி. இவரு தனியா செய்யல. இத்தன நாளா எனக்குச் சம்பந்தமே இல்லன்னு உங்க வீட்டு வாசல்ல நின்னு பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்க.”

ஐயோ என்கிற மாதிரி யாரோ “அலமாக்” என்றார்கள். கருப்பாயி எழுந்து, நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னால் பாதிக் கூட்டம் போனது. தங்கராஜு வழக்கம்போல அளந்தார். ஆறடி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஓட்டுப்பதிவு அன்று டத்தோ வாக்குச்சாவடிக்குள் சுவரைப் பார்த்து நிற்க அதிகாரி அனுமதி கொடுத்தார். டீச்சர் அறுநூற்றுப் பதினொரு ஓட்டில் தோற்றார். அட்ரியன் வீட்டுக்கு வந்து கைகுலுக்கிவிட்டு, பள்ளி விஷயத்தை நான் கேட்கிறேன் டீச்சர் என்றார். கேட்கவும் செய்தார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

மூன்றாவது நாள் காலையில் கருப்பாயி டீச்சர் வீட்டு கேட்டைத் தட்டினார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. கருப்பாயி உட்காரவில்லை.

“இன்னும் என்னென்ன வழிமொழிஞ்சீங்க டீச்சர்?”

டீச்சர் தங்கராஜுவிடமிருந்து குறிப்பேடுகளை எல்லாம் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டு வாசலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் சத்தம்போட்டு வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பின்னால் என்ன நடந்தது என்று டத்தோ சொல்வார். முதலில் மழுப்பினார், கேட்க வருகிறவர்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்ததால் பிறகு உள்ளதைச் சொன்னார். வாசலில் நின்ற வாகை மரத்து நிழல் இருக்கும் வரை கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சமைப்பார்கள். சிலர் திட்டிவிட்டுப் போனார்கள். டீச்சரைப் பார்த்துப் பேசாமல் போனவர்களும் உண்டு. அது அவருக்கு ரொம்ப வலித்தது. இப்படி இரண்டு வருடம் போனது. கட்சி டத்தோவைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. அந்தத் தீர்மானத்தையும் யாரோ முன்மொழிந்து யாரோ வழிமொழிந்தார்கள். அவர் மனைவி மாதம் ஒரு முறை வந்து வாசலில் நின்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமைகளில் டீச்சரும் கருப்பாயியும் பள்ளிக்கு நிலம் கேட்டு நில அலுவலகத்துக்கு நடையாக நடந்தார்கள். டத்தோவும் உடன் போய் வரிசையில் நின்றார். தன் வாழ்நாளில் அவர் வரிசையில் நின்றது அப்போதுதான். கருப்பாயி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரும் இதை அதிசயமாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே வந்தது.

தேர்தல் முடிந்து மூன்றாவது ஜனவரியில் ஆறு மறுபடி ஏறியது. நாற்பத்து மூன்று பிள்ளைகள்தான் அப்போது பள்ளியில் இருந்தார்கள். விடியும்போதே தண்ணீர் திடலைத் தாண்டிவிட்டது என்று கேள்விப்பட்டு வந்தவர்கள், மேசைகளையும் பெஞ்சுகளையும் கோயில் மண்டபத்துக்குத் தூக்கத் தொடங்கினார்கள். அவை பழைய தோட்டத்துக் காலத்துப் பெஞ்சுகள், ஆள் நீளம், நல்ல கனம். சேற்றில் இரண்டு பேராகத் தூக்கினால் முன்னால் போகிறவர் இழுப்பார், பின்னால் வருகிறவர் இடிப்பார், பெஞ்சு நழுவித் தண்ணீரில் விழும். டீச்சரும் டத்தோவும் தூக்கியது விழவில்லை. ஒருவர் வேகமாகப் போகவும் முடியாது, இன்னொருவர் பின்தங்கவும் முடியாது. முழங்கால் தண்ணீரில் அவர்கள் போய் வந்துகொண்டே இருந்தார்கள். டத்தோவுக்கு மூச்சு வாங்கியது. பட்டுச் சட்டை போட்டுப் பல நாளாகிவிட்டது. ஹேமநாதனின் பழைய டீசர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.

மண்டபத்து வாசலில் நின்று பெஞ்சுகளை எண்ணி வாங்கிக்கொண்டிருந்த கருப்பாயி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“டத்தோ, மூனாங் கிளாசுல இன்னும் ஏழு கெடக்கு. தண்ணி ஏறுறதுக்குள்ள கொண்டாந்துடுங்க.”

டத்தோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சரிம்மா என்று சொல்லித் திரும்பினார். டீச்சர் அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தார்.